விலையும் பிழைப்பும்: ஏழைக் குடும்பத்துக்குத் தரும் பணம் பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறது?

கேள்வி

ஏழைக் குடும்பங்களின் கையில் அரசு நேரடியாகப் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தாலே இரண்டு குரல்கள் கேட்கும். 'காசைக் கொடுத்தால் சாராயக் கடைக்குத்தான் போகும், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு வராது' என்பது ஒன்று. 'வயிறு நிறைந்தால் பிள்ளை தானாகப் பள்ளிக்குப் போகும்' என்பது இன்னொன்று. முதல் குரலை அதிக நேரம் பொருட்படுத்த வேண்டியதில்லை. பல நாடுகளின் பண உதவித் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும், பணம் வந்த வீடுகளில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு பொதுவாகக் கூடவில்லை என்பதை 2017-இல் வெளியான கட்டுரையில் காட்டிவிட்டார்கள். இரண்டாவது குரல்தான் சிக்கலானது. அது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் கடந்த கால் நூற்றாண்டின் ஆய்வுகள் மோதிக்கொள்கின்றன.

ஏழை வீட்டுக்கு வரும் பணம் பிள்ளையின் படிப்பை இரண்டு வழிகளில் தொடலாம். வேலைக்குப் போனால் அந்தப் பிள்ளை கொண்டுவரக்கூடிய கூலிக்கு ஈடாக நின்று, பள்ளியில் கழியும் நேரத்துக்கான விலையாகலாம். அல்லது, எந்தக் கணக்கும் கேட்காமல் வீட்டின் பிழைப்பைச் சற்று நிமிர்த்தி, பிள்ளையை வேலைக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற நெருக்கடியைத் தளர்த்தலாம். திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறார்கள். ஆய்வாளர்களோ முதலாவதை மட்டும் அளந்து, இரண்டாவதற்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் முரணாகத் தெரியும் முடிவுகள் புரியத் தொடங்கும் என்பது என் வாதம்.

மெக்சிகோவின் கணக்கு

1994 இறுதியில் தொடங்கிய பேசோ நாணய நெருக்கடி மெக்சிகோவின் ஏழைகளைக் கடுமையாகத் தாக்கியது. அந்த அரசு அதுவரை ஏழைகளுக்கென்று செலவிட்டதில் கணிசமான பங்கு தோர்த்தியா என்ற சோள ரொட்டிக்கும் பாலுக்குமான மானியம். அதன் பலன் பெரும்பாலும் நகரங்களிலேயே தங்கிவிட்டது. அதிபர் எர்னெஸ்தோ செடில்லோ ஆட்சியில் நிதித் துறையில் துணை அமைச்சராக இருந்த பொருளியலாளர் சாந்தியாகோ லெவி, இந்த மானியங்களைக் குறைத்துக் கிராமப்புற ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று வாதாடினார். 1997 ஆகஸ்டில் தொடங்கிய ப்ரோக்ரேசா திட்டம் அப்படிப் பிறந்ததுதான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாயின் கையில் பணம் தரப்படும். பிள்ளைகள் 85 சதவீத நாட்களாவது பள்ளிக்கு வர வேண்டும். குடும்பத்தினர் சுகாதார நிலையத்துக்குப் போய்வர வேண்டும். கல்வித் தொகை 3-ஆம் வகுப்பில் தொடங்கி, வகுப்பு ஏற ஏறக் கூடும். 1998-இல் 3-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு மாதம் 70 பேசோ. ஒன்பதாவது ஆண்டில், அதாவது கீழ்நிலை இடைநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில், பையனுக்கு 220, பெண்ணுக்கு 255. பெண்ணுக்குக் கூடுதலாகக் கொடுத்தது யோசித்துச் செய்தது. ஆரம்பப் பள்ளி முடிந்ததும் அங்கே அதிகமாக நின்றுபோனவர்கள் பெண் பிள்ளைகள்தான்.

இந்தத் தொகைகளைப் பார்த்தால் திட்டத்தின் மனம் தெரியும். மேல் வகுப்புக்கான தொகை, அந்த வயதுப் பிள்ளை முழு நேரம் வேலைக்குப் போனால் சம்பாதிப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. உண்ணத் தரும் பணமாக மட்டும் இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தொகை மாற வேண்டிய தேவையே இல்லை. வயதோடு ஏறும் கூலியைத் துரத்திக்கொண்டு இந்தத் தொகையும் ஏறியது.

திட்டத்தை எல்லாக் கிராமங்களிலும் ஒரே நாளில் தொடங்கப் பணமும் ஆளும் இல்லை. அந்தப் போதாமையையே ஆய்வுக்கான வாய்ப்பாக மாற்றினார்கள். 506 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் 320-க்கு 1998-இலேயே பணம் தந்தார்கள்; மீதி 186 கிராமங்கள் 1999 இறுதிவரை காத்திருந்தன. அதே அளவு ஏழைகளை ஒன்றரை ஆண்டு காக்கவைத்தது நியாயமா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பீடு இல்லாமல் இருந்திருந்தால் 2000-இல் ஆட்சி கட்சி மாறியபோது திட்டம் தப்பியிருக்குமா என்பது சந்தேகமே. எழுபது ஆண்டுகளாக ஆண்ட கட்சியை வென்று வந்த விசென்தே ஃபாக்ஸ் அதைக் கலைக்கவில்லை. 2002-இல் ஒப்போர்துனிதாதெஸ் என்று பெயர் மாற்றி நகரங்களுக்கும் விரித்தார்.

யேல் பல்கலைக்கழகத்தின் டி. பால் ஷுல்ட்ஸ் அந்தக் கிராமங்களின் தரவை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவுகள் இத்துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசுபவை. எல்லா வகுப்புகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், பள்ளியில் சேர்வது 3.4 சதவீதப் புள்ளிகளே கூடியது. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லையே என்று தோன்றும். வகுப்புவாரியாகப் பிரித்தால் படம் வேறு. ஆறாம் வகுப்பு முடித்த பெண்கள் ஏழாவதில் சேர்வது ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளிகள் உயர்ந்திருந்தது. பையன்களிடம் அதில் பாதிக்கும் குறைவு. ஆரம்ப வகுப்புகளில் மாற்றம் சொற்பம். காரணம் எளிது: திட்டம் வருவதற்கு முன்பே அந்த வயதுப் பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கு மேல் பள்ளியில் இருந்தார்கள். பெரும்பாலான சிற்றூர்களில் ஆரம்பப் பள்ளி ஊருக்குள்ளேயே இருந்தது. ஆறாவது முடித்ததும் பள்ளி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது, பிள்ளைக்கும் கூலி வேலை செய்யும் வயது வந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து விழும் அந்த ஓர் ஆண்டில்தான் பணம் தன் வேலையைக் காட்டியது.

இதிலிருந்து ஒரு கறாரான முடிவுக்குப் போனார்கள் பொருளியலாளர்கள் பெட்ரா டாடும் கென்னத் வோல்பினும். குடும்பங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதற்கு ஒரு கணித மாதிரி கட்டி, 3 முதல் 5-ஆம் வகுப்பு வரையான தொகையை அடியோடு நிறுத்திவிட்டு அதே பணத்தை மேல் வகுப்புகளுக்கு மாற்றினால், கூடுதல் செலவில்லாமலேயே அதிகப் படிப்பு கிடைக்கும் என்று 2006-இல் காட்டினார்கள். கணக்கு சரிதான். நடக்கவிருந்த ஒன்றுக்குப் பணம் கொடுப்பது, விலை என்ற பார்வையில், வீண்.

அந்தப் பார்வை பாதியைத்தான் பார்க்கிறது என்று இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாய்க்கு வந்த 70 பேசோ பள்ளிச் சேர்க்கையைப் பெரிதாக உயர்த்தவில்லை. வீட்டில் சாப்பாடாக மாறியது. தோர்த்தியா மானியம் போன இடத்தில் வந்த பணம் அது என்பதை மறந்துவிட்டுத்தான் அதை வீண் என்று எழுத முடியும்.

நிபந்தனையை எடுத்துவிட்டால்

விலையா பிழைப்பா என்பதைச் சோதிக்க நேரான வழி, நிபந்தனையை எடுத்துவிட்டுப் பார்ப்பது. மெக்சிகோவிலேயே அது தற்செயலாக நடந்தது. பணம் பெறும் தாய்க்கு ஒரு படிவம் தருவார்கள். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பித் தந்தால், பிள்ளையின் வருகை கண்காணிப்புக்குள் வரும். சில குடும்பங்களுக்குப் பணம் வந்தது, நிர்வாகக் கோளாறால் படிவம் வரவில்லை. ஆலன் தெ பிராவும் ஜான் ஹாடினாட்டும் இந்தக் குடும்பங்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தபோது, படிவம் வராத வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது குறைவாகவே இருந்தது. வேறுபாடு பெரிதாகத் தெரிந்த இடம், மறுபடியும், ஆறாவதிலிருந்து ஏழாவதுக்குப் போகும் அந்த ஆண்டு.

விலைக் கட்சிக்கு இது நல்ல சாட்சி. அடுத்த சாட்சி அவ்வளவு ஒத்துழைக்கவில்லை.

மலாவியின் சொம்பா மாவட்டத்தில் 13 முதல் 22 வயது வரையான, மணமாகாத பெண்களிடம் 2008, 2009 ஆண்டுகளில் ஒரு பரிசோதனை நடந்தது. சிலருக்குப் பள்ளி வருகை நிபந்தனையுடன் பணம். சிலருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல். சாரா பேர்ட், கிரெய்க் மெக்கின்டாஷ், பெர்க் ஓஸ்லர் மூவரும் 2011-இல் வெளியிட்ட முடிவில், இரண்டு வகைப் பணமும் இடைநிற்றலைக் குறைத்தன. ஆனால் நிபந்தனையில்லாப் பணத்தின் விளைவு, நிபந்தனைப் பணத்தின் விளைவில் 43 சதவீதமே. ஆங்கில வாசிப்புத் தேர்விலும் நிபந்தனைப் பிரிவினரே முன்னே நின்றார்கள்.

பள்ளியோடு நிறுத்தியிருந்தால் தீர்ப்பு முடிந்திருக்கும். அவர்கள் திருமணத்தையும் கர்ப்பத்தையும் அளந்தார்கள். பதின்வயதுத் திருமணமும் கர்ப்பமும் கணிசமாகக் குறைந்தது நிபந்தனையில்லாப் பிரிவில்தான். அந்தக் குறைவு முழுக்கவும் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்களிடமிருந்து வந்தது. இதை நிதானமாக யோசிக்க வேண்டும். நிபந்தனைப் பிரிவில் பள்ளியை விட்ட பெண்ணுக்குப் பணமும் நின்றது. அவளுக்கு மிஞ்சிய வழி கல்யாணம். மற்றப் பிரிவில் அதே நிலையிலுள்ள பெண்ணுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது, அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடிந்தது. பள்ளியில் இருப்பவளுக்கு நிபந்தனை ஊன்றுகோல். பள்ளியால் கைவிடப்பட்டவளுக்கு அதுவே தண்டனை. அதே ஆய்வாளர்கள் பின்னர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, பணம் நின்றதும் இந்தப் பாதுகாப்பும் விரைவில் கரைந்துவிட்டது என்பதையும் பதிவு செய்தார்கள். பிழைப்பாக வரும் பணம், வரும்வரைதான் காக்கும்.

மொராக்கோ இரண்டு கட்சிகளையும் சங்கடத்தில் தள்ளுகிறது. அங்கே 2008-இல் தொடங்கிய தய்சீர் முன்னோட்டத் திட்டத்தை எஸ்தர் டஃப்லோ, பாஸ்கலின் துப்பா உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். சில பகுதிகளில் வருகையோடு கட்டப்பட்ட பணம். வேறு சில பகுதிகளில் 'இது பிள்ளைகளின் படிப்புக்காக' என்று சொல்லி, தலைமையாசிரியர் வழியாகப் பதிவு செய்து, நிபந்தனை எதுவும் வைக்காமல் தந்த பணம். தொகை சிறியது, வீட்டு மாதச் செலவில் சுமார் 5 சதவீதம். நிபந்தனையில்லாத வகை இடைநிற்றலை வெகுவாகக் குறைத்தது. நிபந்தனையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. தாயிடம் தந்தாலும் தகப்பனிடம் தந்தாலும் பெரிய வேறுபாடும் இல்லை. இவ்வளவு சிறிய தொகை கூலிக்கு ஈடாக முடியாது; வீட்டின் பிழைப்பையும் புரட்டிப்போடாது. அரசே பணம் போட்டு அனுப்பும் அளவுக்குப் படிப்பில் ஏதோ இருக்கிறது என்று பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். படிப்பின் பயனைப் பற்றிய பெற்றோரின் மதிப்பீடு உயர்ந்திருந்ததையும் அவர்கள் காட்டினார்கள். எனக்கு இந்த விளக்கம் ஏற்கத்தக்கதாகவே படுகிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆரம்பப் பள்ளி வயதைப் பற்றியது. பதினைந்து வயதில் கூலி கூப்பிடும்போது அரசின் நல்லெண்ணச் செய்தி எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வேறு வழக்கு.

பள்ளிக்கே சம்பந்தமில்லாத பணம் என்ன செய்கிறது என்று பார்க்கத் தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். எரிக் எட்மண்ட்ஸ் அங்கே முதியோர் ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டார். வீட்டுத் தாத்தா தகுதி வயதை எட்டுவதற்குச் சற்று முன்பும் சற்றுப் பின்பும் உள்ள கறுப்பினக் குடும்பங்களை அவர் ஒப்பிட்டார். ஓய்வூதியம் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; கடன் கிடைக்கும் குடும்பமாக இருந்தால் முன்கூட்டியே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கும். அப்படி நடக்கவில்லை. பணம் கையில் வந்த பிறகே பிள்ளைகளின் வேலை நேரம் குறைந்தது, பள்ளி வருகை கூடியது. எந்தப் படிவமும் இல்லை, எந்தக் கையெழுத்தும் இல்லை. பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாததால்தான் பிள்ளை நின்றது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

நிபந்தனையின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மெக்சிகோவில் சுகாதாரப் பேச்சுக்கு உட்காரவும் பணத்துக்கு வரிசையில் நிற்கவும் போனவர்கள் தாய்மார்களே. பெண்களைப் பயனாளிகளாகக் காட்டிக்கொண்டே அரசு அவர்களைச் சம்பளமில்லாத ஊழியர்களாக்குகிறது என்று சமூகவியலாளர் மேக்சின் மோலினோ 2006-இல் விமர்சித்தார். இந்த விமர்சனம் பொருளியல் அட்டவணைகளுக்குள் வருவதே இல்லை.

வீட்டுக்குள் நடக்கும் பங்கீடு

கொலம்பியாவின் பொகோத்தாவில் 2005-இல் தொடங்கிய சோதனையில் குலுக்கல் குடும்பத்துக்கு அல்ல, மாணவருக்கு. ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தொகை விழும், பதிவு செய்த இன்னொன்றுக்கு விழாது. தொகை பெற்ற பிள்ளையின் வருகை உயர்ந்தது. பெறாத உடன்பிறப்புகள், முக்கியமாகச் சகோதரிகள், எந்தப் பணமும் வராத வீட்டுப் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பள்ளிக்குப் போனார்கள், அதிகமாக வேலை செய்தார்கள். தம்பிக்குப் பள்ளியில் இருப்பதற்குப் பணம் வரும்போது தண்ணீர் பிடிக்கவும் சின்னக் குழந்தையைப் பார்க்கவும் அக்கா வீட்டில் நிற்பதே குடும்பத்துக்கு ஆதாயமாகிறது. விலை மாறினால் குடும்பம் கணக்கை மாற்றிப் போடும். ஆளைக் குறிவைத்துத் தரும் உதவித்தொகையைக் கொண்டாடும் அறிக்கைகள் பக்கத்தில் நிற்கும் பிள்ளையை எண்ணுவதில்லை.

அதே சோதனையில் இன்னொரு பாடமும் இருந்தது. ஒரு பிரிவுக்கு மாதம் 30,000 கொலம்பிய பேசோவுக்கு ஈடான தொகை முழுதாகத் தரப்பட்டது. மற்றொரு பிரிவுக்கு 20,000 தந்து, மீதியைச் சேர்த்துவைத்து, அடுத்த ஆண்டுக்கான சேர்க்கை நேரத்தில் மொத்தமாகத் தந்தார்கள். அன்றாட வருகையில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்த ஆண்டு மறுபடி சேர்வதில் சேமிப்புப் பிரிவு முந்தியது. சீருடை, புத்தகம், கட்டணம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும் என்பதை, நம் ஊரில் ஜூன் மாதத்தில் அடகுக் கடை வாசலில் நிற்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வகுப்பறை வாசலில் நிற்கும் பணம்

பள்ளிக்கு வந்த பிள்ளை கற்றுக்கொண்டதா? இங்கே முடிவுகள் பெரும்பாலும் சோர்வளிப்பவை. ப்ரோக்ரேசா பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள். தேர்வில் கூடுதலாக எடுக்கவில்லை என்பதை ஜெரே பெர்மன், சூசன் பார்க்கர், பெட்ரா டாட் ஆகியோரின் தொடர் ஆய்வுகள் காட்டின. கம்போடியாவின் உதவித்தொகைத் திட்டத்திலும் இதே கதைதான்: சேர்க்கை வெகுவாக ஏறியது, மதிப்பெண் அசையவில்லை. பணம் இல்லாவிட்டால் நின்றுபோயிருக்கக்கூடிய பிள்ளைகள் வகுப்புக்குள் வருகிறார்கள். அவர்களை எதிர்கொள்ள வகுப்பு தயாராக இல்லை. மெக்சிகோவின் சிற்றூர்களில் ஏழாவது வகுப்பு என்பது பல இடங்களில் தொலைக்காட்சி வழிப் பள்ளி. செயற்கைக்கோள் வழியாகப் பாடம் ஓடும், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே ஆசிரியர் பக்கத்தில் நிற்பார். அந்த ஆசிரியருக்கு ப்ரோக்ரேசா எதையும் மாற்றவில்லை, வகுப்பில் தலைகளைக் கூட்டியதைத் தவிர.

நிகரகுவா இதற்கு ஒரு விலக்கு. 2000-இல் தொடங்கிய அங்குள்ள திட்டத்தில் 9 முதல் 12 வயதில் பணம் பெற்ற பையன்கள், பத்தாண்டு கழித்து, தாமதமாகப் பெற்றவர்களைவிட அரை ஆண்டு அதிகம் படித்திருந்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண்ணும் கூடியிருந்தது. அந்தத் திட்டத்தில் ஆசிரியருக்கும் ஒரு சிறு தொகை இருந்தது. அதைப் பெற்றோரிடம் கொடுத்து, பெற்றோர் வழியாகப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பாதி ஆசிரியருக்கு, பாதி பள்ளிக்கு. பத்தாண்டுப் பலனுக்கு இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வீட்டுக்குப் பணம் தரும்போது பள்ளியையும் எண்ணிப் பார்த்த திட்டம் கற்றலிலும் தேறியது என்பதைத் தற்செயல் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

மெக்சிகோவில் ப்ரோக்ரேசா திட்டமே இன்று இல்லை. கடைசியாகப் ப்ரோஸ்பெரா என்று பெயர் பெற்றிருந்த அதை, அதிபர் லோபெஸ் ஒப்ரதோரின் அரசு 2019-இல் கலைத்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்த பெனிதோ ஹுவாரெஸ் உதவித்தொகை, அடிப்படைக் கல்வி நிலையில், வீட்டில் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் குடும்பத்துக்கு ஒரே தொகையாக வந்தது, தொடக்கத்தில் மாதம் 800 பேசோ. வகுப்பேறினால் தொகை ஏறும் படிக்கட்டு போனது, பெண்ணுக்குக் கூடுதல் போனது. இருபத்திரண்டு ஆண்டுகள் விலையாக நின்ற பணம் ஒரே ஆண்டில் பிழைப்புப் பணமாக மாறியது.

தமிழ்நாட்டின் படிக்கட்டு

நமக்கு இந்த விவாதம் புதிதல்ல. 1956-இல் மதிய உணவும் 1982-இல் சத்துணவும் பிழைப்பு வழியில் போனவை. வருகைக்குக் கூலி என்று யாரும் அவற்றைச் சொல்லவில்லை, பசித்த பிள்ளைக்குச் சோறு என்றார்கள். 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி வேறு வகை. மணப்பெண்ணுக்குக் குறிப்பிட்ட அளவு படிப்பு வேண்டும் என்று விதித்து, பள்ளிச் சான்றிதழைக் கல்யாணச் செலவோடு கட்டியது. அண்டையிலுள்ள வங்கதேசம் 1994-இல் நாடெங்கும் விரித்த பெண்கள் உதவித்தொகையோ, 18 வயதுவரை மணமாகாமல் இருந்தால்தான் பணம் என்றது. ஒரே நோக்கத்துக்கு எதிரெதிரான கதவுகள். 2022-இல் தமிழ்நாடு அரசு திருமண உதவியை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றியது. புதுமைப் பெண் என்ற பெயரில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. இடையில், 2023 செப்டம்பரில், பள்ளியோடு எந்த முடிச்சும் இல்லாத மகளிர் உரிமைத் தொகை, குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். விலையும் பிழைப்பும் இன்று தனித்தனிக் கணக்குகளில் ஒரே வீட்டுக்கு வருகின்றன. தாயிடம் தராமல் பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே போடுவதில் தமிழ்நாடு மெக்சிகோவைத் தாண்டிப் போயிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

படிக்கட்டில் இடறும் இடம் வேறு. கல்லூரிக்கு வந்து சேர்ந்த பிள்ளை ஏற்கெனவே பல வடிகட்டல்களைத் தாண்டியது. கூலி உரக்கக் கூப்பிடும் வயது அதற்கு முன்னால், பத்தாவது முடியும் கோடை விடுமுறையில். திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கட்டட வேலைக்கோ 'ரிசல்ட் வரும் வரைக்கும்' என்று போகும் பையன் ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்புவானா என்பது அந்த இரண்டு மாதச் சம்பளத்தில் தீர்மானமாகிறது. அந்த இடத்துக்கும் நம்மிடம் ஒரு தொகை இருக்கிறது. இடைநிற்றலைத் தடுக்க என்றே 2011-12 முதல் வந்த சிறப்பு ஊக்கத்தொகை: 10-ஆம் வகுப்புக்கு 1,500, 11-ஆம் வகுப்புக்கு 1,500, 12-ஆம் வகுப்புக்கு 2,000 ரூபாய். அது மாதக் கணக்கு இல்லை, ஆண்டுக் கணக்கு. மாணவர் பெயரில் அரசு நிதி நிறுவனத்தில் வைப்பாகப் போட்டு, பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு கையில் வரும்படி அமைத்தார்கள்.

சேர்த்துவைத்துத் தரும் இந்த ஏற்பாடு பொகோத்தாவின் சேமிப்புப் பிரிவை நினைவுபடுத்தலாம். அங்கே பணம் வந்தது அடுத்த ஆண்டுச் சேர்க்கையின்போது. இங்கே வருவது எல்லாம் முடிந்த பின். பதினொன்றாம் வகுப்பு முழுவதற்குமான 1,500 ரூபாயைக் கட்டட வேலைக்குப் போகும் பதினாறு வயதுப் பையன் ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிடுவான். அவன் வீட்டுக்கு உரிமைத் தொகை வந்தால் அரிசி பருப்புக்கு உதவும். அவனே கல்லூரிக்குப் போய்விட்டால் மாதம் 1,000 வரும். நடுவிலுள்ள இரண்டு ஆண்டுகளுக்கு, மெக்சிகோவின் ஏழாம் வகுப்புத் தொகையைப் போல, கூலியைப் பார்த்துப் போட்ட மாதத் தொகை எதுவும் அவனுக்கு இல்லை.